நேற்றுச் சமைத்தது தீட்டா?

"ஞாயிற்றுக்கிழமை வைத்த குழம்பை வியாழக்கிழமை இரவில் உண்பதா? ஐயகோ! குடும்பப் பெண் செய்யும் காரியமா இது?"

இப்படிக் கேட்கும் குரல் இந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. கேட்பவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து மூச்சுவிடும் பழமைப் பித்தர் மட்டுமே எனில், நகைத்துவிட்டு நம் வழியே நடக்கலாம். ஆனால் தோழர்களே, மேடையேறிப் பெண்ணுரிமை முழங்குகின்றவரும், இறங்கி வீடு சேர்ந்ததும், "இது எப்போது செய்தது?" என்று தட்டை முகர்ந்து பார்க்கிறாரே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது! சாத்திரத்தைச் சந்தியிலே கொளுத்தியவர், அதன் சாம்பலை மட்டும் தம் நாவிலே பூசிக்கொண்டு திரிகிறார்!

பேச வந்த பொருள் சிறியது போலத் தோன்றும். வேலை நாட்களின் இரவுக்கென உணவை முன்கூட்டியே சமைத்து, வேளைக்கு வேளை பங்கிட்டு, ஃபிரீசர் என்று நாம் அழைக்கும் உறைபனி அறையிலே வைத்து, வேண்டும்போது எடுத்துச் சுடவைத்து உண்ணும் முறை. அவ்வளவுதான். பொருள் சிறிது, அதன்மீது கட்டப்பட்டிருக்கும் அடிமைக் கோட்டையோ பெரிது.

கணக்கைப் பாருங்கள். மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று இந்திய அரசே 2019ஆம் ஆண்டில் கணக்கெடுத்தது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபட்டவர்களிலும், பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் உழைத்தாள். ஆண் 97 நிமிடம் உழைத்தான். 2024ஆம் ஆண்டில் மீண்டும் எடுத்தனர். பெண்ணுக்கு 289 நிமிடம். ஆணுக்கு 88 நிமிடம். அதாவது, இருவருக்கும் இடையே இருந்த 202 நிமிட வேறுபாடு, ஐந்தாண்டு கழித்து 201 நிமிடமாகியது! ஐந்தாண்டில் ஒரு நிமிடம்! நத்தை கேட்டால் நகைக்கும். ஆமை கேட்டால் அகமகிழும். இந்த நிமிடங்களிலே துவைப்பதும் துடைப்பதும் உண்டு; எனினும், ஒரு நாள் விட்டு மறுநாள் என்று தள்ளிவைக்க முடியாமல் கழுத்தைப் பிடித்து நெரிக்கும் வேலை எது? அடுப்பு வேலை! தையற்கூடத்திலே, துணிக்கடையிலே, கணினி நிறுவனத்திலே பகலெல்லாம் உழைத்து, பேருந்திலே நின்றபடி வந்து, செருப்பைக் கழற்றியவுடன் வெங்காயத்தைக் கையிலெடுக்கிறாளே, அவளுக்கு மாலைப்பொழுது என்ற ஒன்று உண்டா? பத்திரிகை படிக்க, பாட்டுக் கேட்க, பிள்ளையோடு பேச, பேசாமல் சும்மா இருக்க உரிமை உண்டா?

"உண்டுதான், ஆனால் பழைய உணவு ஆகாதே!" என்கிறார் வைதிகர். எங்கே எழுதியிருக்கிறது என்றால் பகவத் கீதையைக் காட்டுகிறார். அதன் 17ஆம் அத்தியாயம், உணவைச் சாத்துவிகம், இராசதம், தாமதம் என்று மூன்றாகப் பிரித்து, சமைத்து ஒரு யாமம் கடந்ததையும், பழையதையும், எச்சிலையும் தாமத குணத்தாருக்கு உரியவை என்று ஒதுக்குகிறது. ஒரு யாமம் என்பது மூன்று மணி நேரம். விடியலில் கழனிக்குப் போகுமுன் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்து, அந்த வலிமையிலே உழுது நெல்லை விளைவித்தானே உழவன், அவன் தாழ்ந்த குணத்தான். அவன் விளைவித்த நெல்லைச் சுடச்சுடப் பொங்கி உண்டவர் உயர்ந்த குணத்தார்! உணவைத் தரம் பிரித்தார்களா, உழைப்பவனைத் தரம் பிரித்தார்களா?

அந்த விதியாவது ஒழுங்காக நிற்கிறதா? நீரிலே வெந்த சோற்றுக்குத் தீட்டு உண்டாம். எண்ணெயிலே வெந்த முறுக்குக்கும் அதிரசத்துக்கும் இல்லையாம்! அவை பண்டிகை கழிந்து பல நாள் தகர டப்பாவிலே துயிலலாம். பழனிப் பஞ்சாமிர்தம் நாட்கணக்கில் புட்டியிலே இருக்கலாம். பிரசாதம் என்றால் பழையது என்ற பேச்சே கிடையாது. வடக்கே இராசத்தானத்திலும் குசராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சீதளா தேவிக்கென ஒரு விழா. அன்று அடுப்பு மூட்டலாகாது. முதல்நாள் சமைத்ததை ஆறியபடியே படைத்து, ஆறியபடியே உண்ண வேண்டும். அம்மனுக்காக ஆறிப்போனால் அது பக்தி. அம்மாவின் ஓய்வுக்காக ஆறிப்போனால் அது பாவம்! இதற்குப் பெயர் தூய்மையா, சூழ்ச்சியா?

ஒன்றை நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். நம் நாட்டு வெப்பத்தில், குளிரூட்டும் கருவி ஏதுமில்லாத காலத்தில், காலையிலே வைத்த குழம்பு மாலையிலே நுரைத்துப் பொங்கும். அன்று அந்த அச்சத்திலே அறிவு இருந்தது. ஆனால் காரணம் போனபின் கட்டளை மட்டும் நிற்குமானால், அதற்குத்தான் மூடநம்பிக்கை என்று பெயர். ஓடம் ஏறிக் கரை சேர்ந்தவன், ஓடத்தைத் தலையிலே சுமந்துகொண்டு ஊருக்குள் நடப்பானா?

காரணம் எப்படிப் போயிற்று? சென்னைக் கடற்கரைக்கு எதிரே வட்டவடிவில் ஒரு கட்டிடம் நிற்கிறது. அமெரிக்க வணிகர் பிரடெரிக் தூடர், தம் நாட்டு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலேற்றி வந்து சேமிக்க 1842ஆம் ஆண்டில் எழுப்பியது. இன்று அது விவேகானந்தர் இல்லம். அப்பகுதியை மக்கள் இன்னும் ஐஸ் அவுஸ் என்றே அழைக்கின்றனர். அன்று அந்தப் பனிக்கட்டி, வெள்ளை அதிகாரியின் கோப்பைக்கும் செல்வர் மாளிகைக்கும் உரிய ஆடம்பரம். பிறகு கிளாரன்ஸ் பேர்ட்சை என்னும் அமெரிக்கர், கனடாவின் இலாப்ரடார் பனிநாட்டிலே, அங்குள்ள இனூயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியிலே உறைவதையும், மாதங்கள் கழித்து உருக்கி உண்டாலும் புதிது போலிருப்பதையும் கண்டார். மெல்ல உறைந்தால் பனித்துகள் பெரிதாகி உணவின் இழையைக் கிழிக்கிறது. விரைந்து உறைந்தால் துகள் சிறிதாகி இழை பிழைக்கிறது. இந்த உண்மையைப் பொறியாக்கினார். 1930ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாசசூசெட்சு மாநிலத்து இசுப்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது. பனிநாட்டு வேட்டுவரின் பட்டறிவும் ஆய்வாளரின் பகுத்தறிவும் கைகோத்ததால் பிறந்த பயன், இன்று நம் வீட்டு மூலையில் ஒரு பெட்டியாக நிற்கிறது. அதிலே நாம் வைத்திருப்பது என்ன? நேற்றைய மல்லிகைப் பூவும் விருந்தினருக்கான பனிக்கூழும்!

மூடநம்பிக்கையை விரட்டிவிட்டு, அந்த இடத்தில் அசட்டையைக் குடியமர்த்தக் கூடாது. அறிவியல் உரிமை தருகிறது, ஒழுங்கும் கேட்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளிலே இது தெளிவாக இருக்கிறது: சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்; 5 பாகைக்குக் கீழே குளிர்வியுங்கள்; மீண்டும் சுடவைக்கும்போது 70 பாகைக்கு மேலே செல்லட்டும். காரணம், 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையேதான் நோய்க்கிருமி குடும்பம் நடத்துகிறது. உறைகுளிர் கிருமியைக் கொல்வதில்லை; உறங்க வைக்கிறது. ஆகையால் கெட்டதை உள்ளே வைத்தால் கெட்டதே வெளியே வரும். சோற்றிலே இன்னும் விழிப்பு வேண்டும். அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் முளைத்து நஞ்சு கக்கும். அந்த நஞ்சை எவ்வளவு சுடவைத்தாலும் போக்க இயலாது. எனவே சோற்றை அகன்ற தட்டிலே பரப்பி விரைந்து ஆற்றி உடனே குளிரில் வையுங்கள்.

இனி, செயலுக்கு வருவோம். துவரம் பருப்பு, கொண்டைக்கடலை, காராமணி ஆகியவற்றை வேகவைத்துப் பங்கிட்டு உறைய வையுங்கள். வெங்காயமும் தக்காளியும் இஞ்சியும் பூண்டும் வதக்கிய தொக்கு ஒரு பங்கு இருந்தால், பத்து நிமிடத்தில் எந்தக் குழம்பும் எழும். புளிக்குழம்பு, கோழிக்குழம்பு, ஆட்டுக்கறிக் குழம்பு அப்படியே உறையும். இட்டலியும், பாதி வெந்த சப்பாத்தியும், துருவிய தேங்காயும் நன்றாகத் தாங்கும். தயிர் திரியும், உருளைக்கிழங்கு மணல்போல் ஆகும், அவித்த முட்டையின் வெள்ளை இரப்பராகும், வெள்ளரிக்காய் துவண்டு நீராகும். இவற்றை விலக்குங்கள். தேங்காய் அரைத்து ஊற்றும் குழம்பு பிரிந்து நிற்கும். ஆகவே தேங்காயைச் சுடவைக்கும்போது சேருங்கள். ஒரு வேளைக்கு வேண்டிய அளவே ஒரு பங்கு. தட்டையாக, மெல்லியதாக அடைத்தால் விரைந்து உறையும். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். எனவே விளிம்பு வரை நிரப்பாதீர். மேலே பெயரும் தேதியும் எழுதுங்கள்.

உறைபனி அறை சுழியத்துக்குக் கீழே 18 பாகையில் நின்றால், குழம்பு வகைகள் இரண்டு மூன்று மாதம் சுவை குன்றாமல் இருக்கும். சிறிய பெட்டிகளின் பனித்தட்டு எல்லாம் அந்தக் குளிரை எட்டுவதில்லை; அவற்றில் வைத்ததை அந்த வாரத்துக்குள்ளேயே உண்டுவிடுவது அறிவுடைமை. மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர். நிறைந்த உறைபனி அறை ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். முதல்நாள் இரவே எடுத்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். கொதிக்கக் கொதிக்கச் சுடவைத்து உண்ணுங்கள். மிஞ்சியதை மீண்டும் உறையப் போடாதீர். இதிலே மந்திரம் இல்லை, மடி இல்லை, ஆசாரம் இல்லை. வெப்பமானி உண்டு, கடிகாரம் உண்டு, கழுவிய கை உண்டு!

"எல்லாம் சரி, ஆனால் கைமணம் போய்விடுமே!" என்று உருகுவார் ஒருவர். கைமணம்! எத்துணை இனிய சொல்! அந்தச் சொல்லாலே கட்டிய கை எத்தனை! தெய்வம் என்று சொல்லிக் கோயிலிலே பூட்டினார்கள். அன்னபூரணி என்று சொல்லி அடுக்களையிலே பூட்டினார்கள். சமைத்தவளின் கையைப் புகழ்கின்றவர், அந்தக் கையிலே உள்ள தீப்புண்ணை என்றாவது பார்த்தாரா? புகழ்ச்சி கூலியாகாது. அரை மணி நேர ஓய்வைத் தந்துவிட்டுப் பிறகு புகழட்டும், கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் தோழர்களே, இங்கேதான் ஒரு படுகுழி இருக்கிறது, விழிப்போடு தாண்டுங்கள். வாரம் முழுவதற்குமான சமையலை ஞாயிற்றுக்கிழமை ஒருத்தியின் தலையிலே ஏற்றிவிட்டு, நாம் நாளிதழோடு சாய்ந்துகொண்டால், அது விடுதலையன்று. ஆறு நாள் அடிமைத்தனத்தை ஒரே நாளில் மூட்டை கட்டுவது! பனிப்பெட்டி பணத்துக்குக் கிடைக்கும், நீதி கிடைக்காது. பெட்டி வந்த வீட்டிலெல்லாம் பெண் விடுதலை வந்திருந்தால், அந்த 202 நிமிடம் 201ஆக நின்றிருக்குமா? கருவி பாதி வழிதான் வரும்; மீதி வழியை மனிதன் நடக்க வேண்டும்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வீடு முழுவதும் அடுக்களையிலே நிற்கட்டும். கணவன் பருப்பை வேகவைக்கட்டும். மகன் வெங்காயம் நறுக்கட்டும். மகள் தேதி எழுதட்டும், ஆனால் மகன் எழுதும் நாளில் அவளும் நறுக்கட்டும். பாத்திரம் தேய்ப்பது முறை வைத்து நடக்கட்டும். வேலை நாட்களில், முதலில் வீடு திரும்புகின்றவர் எவரோ, அவர் அடுப்பைப் பற்றவைக்கட்டும். ஆணாயினும் சரி!

பகுத்தறிவு என்பது கூட்டத்திலே கைதட்டல் வாங்கும் கலை மட்டுமன்று. கடவுளை மறுப்பது எளிது. அவர் வந்து கேள்வி கேட்பதில்லை. கட்டிய மனைவியும் பெற்ற தாயும் கேட்காமலே கேட்கும் கேள்விக்கு விடை சொல்வதுதான் அரிது. இரவு பத்து மணிக்குக் கூட்டம் முடித்து வீடு செல்லும் இளைஞர்களே! கதவைத் தட்டி, உறங்குகின்றவளை எழுப்பி, "சுடச்சுட இரண்டு தோசை" என்று கேட்காதீர்கள். உறைந்த குழம்பை நீங்களே எடுங்கள், நீங்களே சுடவையுங்கள், உண்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள். அவள் உறங்கட்டும். வருணத்தை எதிர்த்துப் பேசிய வாய், அடுக்களையின் வருணத்தையும் அன்று முதல் உடைக்கட்டும்!