கஞ்சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள்

போதை ஒழிப்பு வாரம் வந்தால் தோட்டப் பாடசாலைகளில் பதாகை கட்டுகிறார்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துகிறார்கள். கஞ்சாவை ஒரு தடவை இழுத்தாலே பைத்தியம், அடுத்தது சாவு என்று மேடையில் ஒருவர் முழங்குகிறார். கைதட்டலோடு கூட்டம் கலைகிறது.

தோழர்களே, தாய்மாரே! இந்த முறையை நாம் எதிர்க்கிறோம். கஞ்சா நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பதாலேயே எதிர்க்கிறோம்.

லயத்துக்குப் பின்னால் கஞ்சா இழுத்த கூட்டாளி மறுநாள் கிரிக்கெட் விளையாட வருகிறான். அதைப் பார்க்கும் பதினைந்து வயதுப் பையன், மேடையில் சொன்னது பொய் என்று முடிவு செய்கிறான். நாளைக்கு அதே வாய் ஐஸைப் பற்றியும் தூளைப் பற்றியும் எச்சரித்தால் அதையும் நம்பமாட்டான். தூள் அளவு மீறினால் மூச்சையே நிறுத்திவிடும். அந்த எச்சரிக்கை காதில் ஏறாமல் போனால் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் 1983 இல் 'டெயார்' என்ற திட்டம் தொடங்கியது. பொலிஸாரே வகுப்புக்கு வந்து போதையை வேண்டாமென்று சொல்லப் பழக்கினார்கள். நாடு முழுவதும் பரவியது. அதில் படித்த பிள்ளைகளைப் பத்து வருடம் கழித்து ஆராய்ந்து 1999 இல் அறிக்கை வெளியிட்டார்கள். படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பாவனையில் வித்தியாசமே இல்லை. தோற்றுப்போன வழியை நாமும் பிடித்துக்கொண்டு நிற்பதா?

உள்ளதைச் சொன்னாலே போதும். இருபது வயது தாண்டியும் மூளை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வயதில் அடிக்கடி கஞ்சா பாவித்தால் ஞாபகமும் கவனமும் குறையும், படிப்பு பின்தங்கும். சிலருக்கு, முக்கியமாகக் குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கு, மனநோய் வரும் ஆபத்து கூடும். பாவிப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், பிள்ளை யோசிப்பான்.

"இது மூலிகை, ஆயுர்வேதத்திலேயே இருக்கிறது" என்று விற்பவன் சொல்வான். சுதேச வைத்தியத்தில் கஞ்சா சேர்ந்த மருந்து இருப்பது மெய்தான். வைத்தியர் பக்குவம் செய்து அளவோடு கொடுப்பதும், சந்தியில் வாங்கிச் சுருட்டுவதும் ஒன்றா என்று கேட்கப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். 1929 ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சாவைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்பதும் தெரிய வேண்டும்.

இந்தப் பாடத்தில் ஓரவஞ்சனையும் இருக்கிறது. கஞ்சாவுக்கு ஒரு மணி நேரம் பேசுகிறவர், சாராயத்துக்கு ஒரு நிமிடம் ஒதுக்குவதில்லை. நம் சம்பளத்தை விழுங்கி, நம் பெண்களை அடிபட வைப்பது தவறணையும் கசிப்பும்தான். சாராயத்தில் அரசுக்கு வரி வருகிறது, அதனால் வாய் திறப்பதில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக் கூடாது என்று 2006 இல் சட்டம் வந்தது. அதைத் தோட்டத்துக் கடைகளில் யார் பார்க்கிறார்கள்? வெற்றிலையோடு போடும் புகையிலையும் பாக்கும் வாய்ப் புற்றுநோயைத் தரும் என்பது உறுதியான விசயம். மலையில் கொழுந்து பறிக்கும் நம் தாய்மாருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கஞ்சா என்றதும் தோட்டத்துப் பையனைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். கஞ்சாச் சேனைகள் பிடிபடுவது மொனராகலைக் காடுகளில். கேரளக் கஞ்சா வந்திறங்குவது வடக்குக் கடற்கரையில். நம் மலையில் விளைவது தேயிலை.

நாம் கேட்பது இவைதான். பயிற்சி பெற்றவர்கள் தமிழில், வகுப்பறையில், பிள்ளைகள் கேள்வி கேட்கக் கூடியவாறு பாடம் நடத்த வேண்டும். கஞ்சா, ஐஸ், தூள், சாராயம், புகையிலை ஒவ்வொன்றின் தீங்கையும் தனித்தனியாக, உள்ளபடி சொல்ல வேண்டும். அகப்பட்ட பிள்ளையைப் பாடசாலையை விட்டு விரட்டாமல் ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு லயத்திலும் எழுதி ஒட்ட வேண்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் போங்கள். பேசுவதற்கு யார் வருகிறார், என்ன சொல்லப் போகிறார் என்று முன்கூட்டியே கேளுங்கள். தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் அதிபரிடம் கொடுக்கட்டும்.