4 சக்கரமும் சுத்தும்... ஆனா வண்டி நகருமா? ஆல் வீல் டிரைவ் காரில் முதலில் மாற்ற வேண்டியது எது?

திருச்சியில் இருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் சுமார் 35 கி.மீ. தாண்டினால் நார்த்தாமலை. மேலமலை, கடம்பர் மலை என 9 குன்றுகள், 9-ம் நூற்றாண்டின் விஜயாலய சோழீஸ்வரம், 12 விஷ்ணு சிற்பங்கள் வரிசையாக நிற்கும் சமணர் குடகு. வீக் எண்டுக்குத் தோதான இடம். மெயின் ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் செம்மண், சரளை, கண்மாய்க் கரை, வெறும் பாறை எல்லாமே சில கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

இந்த மாதிரி இடத்துக்கு க்ராஸ்ஓவரில் வருபவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. ‘நம்ம வண்டிதான் ஆல் வீல் டிரைவ் ஆச்சே!’ அந்தத் தைரியம் பாதிதான் சரி. மீதிப் பாதிக்காக லிஃப்ட் கிட், பம்பர், லைட் என்று பல ஆயிரங்களைக் கொட்டுபவர்கள் உண்டு. ஆனால் வண்டியின் பிடிமானத்தைக் கூட்டுவது டயர், அதில் இருக்கும் காற்று, ஓட்டுபவரின் நிதானம் ஆகிய மூன்றும்தான். செலவும் அந்த வரிசையில்தான் இருக்க வேண்டும்.

ஆல் வீல் டிரைவ் என்னதான் செய்யும்?

இந்தியாவில் 2014-ல் ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. வந்தது. 2022-ல் மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்பும் அதன் டொயோட்டா சகோதரர் ஹைரைடரும் வந்தன. இந்த வகை வண்டிகளில் சாதாரண ரோட்டில் பெரும்பாலும் முன் சக்கரங்கள்தான் இழுக்கும். முன் சக்கரம் வழுக்குவதை சென்சார் கண்டுபிடித்ததும், நடுவில் இருக்கும் எலெக்ட்ரானிக் க்ளட்ச் இறுகி, இன்ஜின் சக்தியில் ஒரு பங்கைப் பின் சக்கரங்களுக்கு அனுப்பும்.

சிக்கல் இங்கேதான். பின்னால் போன சக்தி இடது, வலது என்று பிரியும் இடத்தில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல். எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ, அதைச் சும்மா சுற்றவிட்டுவிடும். பள்ளத்தில் இறங்கும்போது முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால், அந்த இரண்டும் சுற்றும், வண்டி நிற்கும். சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து, சக்தியை அடுத்த பக்கம் தள்ளும் வசதி இன்றைய வண்டிகளில் உண்டு. அது வேலை செய்ய ஓரிரு நொடி ஆகும். பதறிப்போய் காலை எடுத்துவிடாமல், ஆக்சிலரேட்டரை ஒரே சீராக மிதித்திருக்க வேண்டும்.

இன்னொன்று. 2020-ல் வந்த புதிய தார், 2023-ல் வந்த ஜிம்னி ஆகியவற்றில் ‘லோ ரேஞ்ச்’ கியர் இருக்கிறது. ஆமை வேகத்தில் முழு பலத்தோடு ஏறலாம். மேலே சொன்ன க்ராஸ்ஓவர்களில் அது கிடையாது. ‘லாக்’ பட்டன் நடு க்ளட்ச்சைத்தான் இறுக்கும், டிஃபரன்ஷியலை அல்ல. மணலில் ரொம்ப நேரம் சக்கரத்தைச் சுழலவிட்டால் க்ளட்ச் சூடாகி, வார்னிங் கொடுத்துவிட்டுக் கையை விரித்துவிடும்.

முதல் செலவு டயருக்கு

நூறு குதிரை சக்தியோ இருநூறோ, எல்லாம் மண்ணைத் தொடுவது உள்ளங்கை அளவுள்ள நாலு ரப்பர் துண்டுகள் வழியாகத்தான். கம்பெனியில் இருந்து வரும் டயர் ஹைவேக்கானது. பட்டன் ஆழம் குறைவு. ஈரச் செம்மண்ணில் பத்து அடி போவதற்குள் அந்த இடைவெளியெல்லாம் சேறு அடைத்து, டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும்.

அடிக்கடி மண் பாதையில் போகிறவர்கள் அடுத்த முறை டயர் மாற்றும்போது ‘ஆல் டெரெய்ன்’ வகை வாங்கலாம். பட்டன் ஆழமாக இருக்கும், பக்கச் சுவர் தடிமனாக இருக்கும். சும்மா கிடைக்காது: ரோட்டில் சத்தம் கூடும், மைலேஜ் குறையும், ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை நார்த்தாமலை, மற்ற நாளெல்லாம் ஓ.எம்.ஆர். என்றால் இது வேண்டாத செலவு. நல்ல ஹைவே டயரே போதும்.

எந்த டயர் என்றாலும் நாலும் ஒரே பிராண்டு, ஒரே சைஸ், கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க இரண்டு மட்டும் புதுசு போட்டால், முன்னும் பின்னும் சுற்றளவு வித்தியாசப்படும். எப்போதும் சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்து க்ளட்ச் ஓயாமல் வேலை செய்து தேயும். டயரில் பிடித்த மிச்சம், மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்.

செலவே இல்லாத அப்கிரேடு: காற்று

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். ரோட்டுக்கு 33 முதல் 35 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் டயரில், சரளைப் பாதைக்கு 26–28 ஆகக் குறைத்தால் டயர் கொஞ்சம் தளர்ந்து, மண்ணைத் தொடும் பரப்பு நீளும். குலுக்கலும் குறையும். ஆழமான மணலில் 20-க்கும் கீழே இறக்குகிறவர்கள் உண்டு. ஆனால் 17, 18 இன்ச் ரிம்மில் பக்கச் சுவர் குட்டையாக இருக்கும். காற்று குறைவாக வைத்துக் கூர்மையான கல்லில் ஏற்றினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டயர் நசுங்கிக் கிழியும். நார்த்தாமலை பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனால் அளவோடு நிறுத்துவதே நல்லது.

திரும்ப ரோட்டுக்கு ஏறும் முன் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றியே ஆக வேண்டும். தளர்ந்த டயரோடு ஹைவே வேகத்தில் போனால் சூடாகி வெடிக்கும். எனவே காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் சின்ன கம்ப்ரஸரும் ஒரு ப்ரெஷர் கேஜும் டிக்கியில் இருக்க வேண்டும். லிஃப்ட் கிட்டை விட இவை ஆயிரம் மடங்கு பயன்படும்.

எந்தத் தரைக்கு எப்படி?

காய்ந்த சரளை, கோலிக்குண்டு மேல் கால் வைத்த மாதிரி. திடீர் பிரேக், திடீர் திருப்பம் இரண்டும் கூடாது. ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் ஆனிலேயே இருக்கட்டும். ஆழமான சேறு, மணல் என்றால் கதை வேறு. சக்கரம் வழுக்கியதும் அது இன்ஜின் சக்தியைக் குறைத்து, வண்டியை நடுவில் நிறுத்திவிடும். அங்கே மட்டும் அணைத்துவிட்டு, தாண்டியதும் மறுபடி போட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் கண்மாய்க்குள் மேலே காய்ந்து வெடித்திருக்கும் வண்டல், அடியில் களியாகவே இருக்கும். இறங்கி நடந்து பார்க்காத பாதையில் வண்டியை விடக் கூடாது. ஷூ புதைந்தால் காரும் புதையும்.

மாட்டிக்கிட்டா?

சக்கரம் குழி பறிக்க ஆரம்பித்ததும் காலை எடுக்க வேண்டும். டயருக்கு முன்னால் மண்ணை அள்ளிவிட்டு, மிதியடியோ பலகையோ கொடுத்து மெதுவாக ஏற்றலாம். ஊர்க்காரர்கள் டிராக்டரோடு வந்து உதவினால், கயிறைக் கம்பெனி கொடுத்த கொக்கியில்தான் கட்ட வேண்டும். சஸ்பென்ஷனில் கட்டி இழுத்தால் வண்டி வெளியே வரும், சஸ்பென்ஷனும் வளைந்து வரும். பிரேக்டவுன் ஆகி ஊர் திரும்புவதானால் நாலு சக்கரமும் தரையைத் தொடாத லாரியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். இரண்டு சக்கரத்தைத் தூக்கி, இரண்டை உருளவிட்டால் நடு க்ளட்ச்சும் டிரான்ஸ்மிஷனும் காலி.

லிஃப்ட் கிட், பம்பர் வேண்டாமா?

வண்டியைத் தூக்கினால் அடி தட்டாது, உண்மை. ஆனால் ஆக்சில் ஜாயின்ட்டின் கோணம் மாறி சீக்கிரம் தேயும். வண்டி வளைவில் அதிகம் சாயும். வாரன்ட்டியில் பிரச்னை வரும். சட்டமும் குறுக்கே நிற்கும்: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனியின் மூல வடிவமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்னால் மாட்டும் புல் பாரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது.

பாறைக்கு முன்னால் நிறுத்த வேண்டும்

பிடிமானம் கூடக்கூட ‘இதிலும் ஏத்திப் பார்த்துடலாமே’ என்ற ஆசையும் கூடும். நார்த்தாமலையில் அந்த ஆசைக்கு ஒரு எல்லை இருக்கிறது. விஜயாலய சோழீஸ்வரம் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கும். பக்கத்தில் காப்புக்காடும் இருக்கிறது. அங்கே அனுமதியில்லாமல் வண்டியை இறக்குவது வனச் சட்டப்படி குற்றம். கண்மாய்க் கரையில் டயர் அறுத்த தடம், அடுத்த மழையில் தண்ணீர் உடைத்துக்கொண்டு போகும் வழியாகும். அதை அடைக்கப்போவது ஞாயிற்றுக்கிழமை வந்துபோனவர்கள் இல்லை, அந்தத் தண்ணீரை நம்பி விதைத்தவர்கள்.

ஊரின் மண் பாதை வரைக்கும் வண்டி பத்திரமாகப் போய்த் திரும்ப நல்ல டயரும் சரியான காற்றும் போதும். மேலமலையில் கோயிலுக்குப் போவது பாறையில் நடந்துதான். பதினொரு நூற்றாண்டாக எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.