செல்லாது என்று சொல்ல இவர்கள் யார்?

தாம்பரம் பேருந்து நிலையத்தருகே தேநீர் குடித்துவிட்டுப் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டிப் பாருங்கள். "நோட்டாகக் கொடுங்கள்" என்கிற கடைக்காரர் இன்றும் உண்டு. அவர்மீது கோபம் வேண்டாம், தோழர்களே! வாங்கிய நாணயங்களை மூட்டை கட்டி அவர் வங்கிக்குக் கொண்டுபோனால் என்ன பதில் கிடைக்கிறது? "எண்ண ஆளில்லை, நாளை வா!" நாளை போனால், மறுநாள்! வங்கி வாங்காததைக் கடைக்காரர் வாங்கமாட்டார். கடைக்காரர் வாங்காததை ஷேர் ஆட்டோக்காரர் வாங்கமாட்டார். கடைசியில் அது நாகல்கேணித் தோல் பட்டறைத் தொழிலாளியின் சட்டைப்பையில் முடங்கிக் கிடக்கிறது. அவன் உழைத்த கூலியல்லவா அது?

செல்லாதென்று சட்டம் சொல்லிற்றா? இல்லை! பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்தது. ரூபாய்க் குறி இல்லாதது கள்ளக்காசு என்பது கட்டுக்கதை. எட்டணாவும் இன்றுவரை செல்லும். ஒரே தடவையில் 1,000 ரூபாய்க்குமேல் நாணயமாகக் கொடுத்தால் கடைக்காரர் மறுக்கலாம். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் வங்கியில் போடும் நாணயத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பே வைக்கவில்லை. எந்தக் கிளையும் மறுக்கக்கூடாது என்று திரும்பத் திரும்ப உத்தரவிட்டிருக்கிறது. உத்தரவு மும்பையில் பிறக்கிறது. தாம்பரத்துக் கவுண்டரில் உறங்குகிறது!

நாலணாவின் கதை வேறு. 2011 ஜூன் 29 மாலையோடு வங்கிகள் அதை மாற்றித் தருவதை நிறுத்தின. மறுநாள் முதல் அது வெறும் உலோகம். அறிவிப்பு நாளேட்டில் வந்தது. நாளேடு படிக்காத கிழவியின் உண்டியலுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? 1957 ஏப்ரலில் புதுக்காசு வந்தபோதும் இதே கதைதான். ரூபாய்க்கு 16 அணா, 100 புதுக்காசு. ஆனால் தனி அணாவுக்கு 6 காசு! ஒவ்வோர் அணாவாக மாற்றியவனுக்கு 96 காசுதான் தேறியது. மீதி நாலு காசு யார் வீட்டுச் சொத்து? ரூபாயாக வைத்திருந்தவன் எதையும் இழக்கவில்லை.

இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. காண்டாமிருகம் போட்ட நாலணாவுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழங்காசு விற்பவரைக் கேளுங்கள். கோடிக்கணக்கில் அடித்த காசுக்கு எந்தச் சேகரிப்பாளன் லட்சம் கொடுப்பான்? 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் நாணயத்தைப் பேரனுக்காக எடுத்து வைப்பவர் வைக்கட்டும். வங்கியில் அது ஐந்து ரூபாய்தான். ஆனால் ஐந்து ரூபாய்க்குக் கட்டாயம் செல்லும்.

நாணயத்தை வாங்க மறுத்தால், "மறுப்பதை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த வங்கிக்கே மனு கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணமில்லை. மனு எழுதத் தெரியாத கடைக்காரருக்கு எழுதித்தர நம் கிளை மன்றத்தில் ஒரு தோழர் மாலையில் உட்காரமாட்டாரா?