விடியலில் மடங்காத விரல்கள்

நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டும் பெண்களுக்கு விரல்தான் முதல். நாரைப் பிடித்து, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து, ஒரு சுழற்று, ஒரு முடிச்சு. கண் அதைப் பார்ப்பதுகூட இல்லை. வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதில் ஒருநாள் காலை விரல்கள் மடங்க மறுக்கின்றன. எவர்சில்வர் டம்ளர் கையில் நிற்கவில்லை. துவைத்த சேலையை முறுக்கிப் பிழிய முடியவில்லை. ஜாக்கெட் ஊக்கு மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வெந்நீரில் கையை வைத்து வைத்து எடுத்து, தட்டுத்தடுமாறி வேலையைப் பார்க்க, பத்தரை, பதினொரு மணிவாக்கில் விரல்கள் இளகிவிடுகின்றன. மறுநாள் விடிந்தால் பழைய கதை.

முடக்குவாதம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் விதம் இதுதான். வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்தில் உழைக்க உழைக்க வலி கூடும், உட்கார்ந்தால் தணியும். காலை இறுக்கம் சில நிமிடங்களில் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஓய்வுக்குப் பிறகுதான் இறுக்கம். அரை மணி, ஒரு மணி, சிலருக்கு அதற்கும் மேல். இந்தக் குணமே நோயாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுகிறது. 'விடிகாலையில் கை வரலையாம், மத்தியானம் பார்த்தா நல்லாத்தானே இருக்கா' என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்கிறார். மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, முறை வரும்போது மணி பதினொன்று. மருத்துவர் மடக்கச் சொல்கிறார், விரல் மடங்குகிறது. கால்சியமும் வலி மாத்திரையும் எழுதியாகிவிட்டது, அடுத்த ஆள்.

தமிழகத்தில் இந்த நோயைச் சரியான நேரத்தில் பார்க்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போகும் பெண் தன்னார்வலர் அவர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வலிநிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும்கூட வீட்டுக்கே வருகின்றன. முடக்குவாதம் போன்ற தன்னுடல் தாக்கு மூட்டு நோய்களையும் இதே திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். முதல்நிலை மருந்துகள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. காலை ஏழரை மணிக்கு வாசலில் நிற்கக்கூடிய ஒருவரால்தான் காலை ஏழரை மணியின் நோயைப் பிடிக்க முடியும்.

வாயு, குடைச்சல், சரவாங்கி என்று ஊருக்கு ஒரு பெயரில் நாம் சொல்வதெல்லாம் ஒரே நோய் இல்லை. முடக்குவாதத்தில் உடலின் தடுப்பாற்றல், கிருமியை விரட்ட வேண்டிய வேலையை விட்டுவிட்டு, சொந்த மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பை அரித்து, எலும்புக்குள்ளும் இறங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நுரையீரல், கண், இதயம் வரைக்கும் போகும். இதன் சொந்தக்காரர்கள் பலர்: இளம்பெண்களின் சிறுநீரகத்தைக் குறிவைக்கும் லூபஸ், நாற்பது வயதுக்குள் ஆண்களின் முதுகெலும்பை இறுக்கும் அழற்சி, கண்ணையும் வாயையும் வறட்டிப்போடும் ஸோக்ரன். முடக்குவாதத்தில் அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது. அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடங்கிவிடுகிறது. முதல் ஆறு மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கியவர்களில் பலர் கை கோணாமல், வேலையை விடாமல் வாழ்கிறார்கள்.

அந்த ஆறு மாதம் நம் ஊரில் எங்கே போகிறது? ஒரு பங்கு சிக்குன்குனியாவின் கணக்கில். 2006இல் தமிழகத்தையே நொண்ட வைத்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, எந்த மூட்டுவலிக்கும் 'அப்போ வந்ததோட மிச்சம்' என்று சொல்லிவிடும் பழக்கம் வந்துவிட்டது. சிக்குன்குனியாவின் வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு என்பதால் அந்தப் பேச்சில் உண்மையும் இருக்கிறது. அதனாலேயே அது ஆபத்தாகிறது. இன்னொரு பங்கு ஆய்வகத்தில் போகிறது. 'ஆர்.ஏ. ஃபேக்டர்' நெகட்டிவ் என்று வந்தால் நோயில்லை என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அந்தப் பரிசோதனை நெகட்டிவாகவே வரும். நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவாகவும் வரும். ரத்தத்தைவிடக் கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய நோய் இது.

பெரும்பங்கு போவது மருந்துக்கடையில்தான். 'வலிக்கு ஒரு செட் குடுங்க' என்று கேட்டால் காகிதத்தில் மடித்து நான்கைந்து மாத்திரை வருகிறது. அதில் உள்ள சின்ன வெள்ளை மாத்திரைதான் அற்புதம் செய்கிறது. மறுநாள் காலை கை சரளமாக மடங்குகிறது, பசி எடுக்கிறது, முகத்தில் ஒரு களை. அது டெக்ஸாமெத்தசோனோ பிரட்னிசலோனோ, ஏதோ ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் சொல்லும் மருந்து. ஒரு செட் பத்து செட்டாகி, பிறகு மாதாமாதம். ஓராண்டில் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு உளுத்து, தடுக்கி விழுந்தால் இடுப்பு முறியும் நிலைக்கு வந்துவிடுகிறார். பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தினால் இன்னும் மோசம். பழகிவிட்ட உடல் உயிருக்கே ஆபத்தான அளவுக்குத் தளர்ந்துபோகும். இத்தனைக்கும் நடுவே மூட்டுக்குள் அரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது. முடக்கத்தான் தோசை சாப்பிடுகிறவரோடு நமக்குச் சண்டை இல்லை. சாப்பிடட்டும், நல்ல கீரைதான். பெயரோ சேர்மானமோ அச்சிடாத டப்பாவில், 'மூலிகை' என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்கும் பொடிகளோடுதான் சண்டை.

ஸ்டீராய்டுக்கு மயங்கியவர்கள் நாம் மட்டும் இல்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டில், 1950இல், ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. பக்க விளைவுகளும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

அதே 1948இல், ஆகஸ்ட் மாதம், நியூயார்க்கில் ஒருவர் இறந்துபோனார். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறிய எல்லாப்பிரகடா சுப்பாராவ். லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. பிறகு அதையே எதிர்க்கும் பொருள்களையும் உருவாக்கியது. அவற்றில் ஒன்று அமினாப்டெரின். அதன் உடன்பிறப்பு மெத்தோட்ரெக்ஸேட். 1951இலேயே அமெரிக்க மருத்துவர்கள் அமினாப்டெரினை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் வடிந்தது. ஆனால் கார்ட்டிசோனின் வெளிச்சத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை அமெரிக்க அரசு முறையாக ஒப்புக்கொண்டது 1988இல்தான். ஒரே இரவில் வேலை செய்யும் மாத்திரை, ஆறு வாரம் கழித்து வேலை செய்யும் மாத்திரையை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மறைத்துவிட்டது. நம் தெருமுனை மருந்துக்கடையில் அந்த நாற்பது ஆண்டுகள் இன்னும் முடியவில்லை.

மெத்தோட்ரெக்ஸேட்டின் விலையைக் கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். ஒரு வார மருந்துக்கு ஆகும் செலவு டீ, வடைக் காசுதான். லூபஸுக்கு ஆதாரமான ஹைட்ராக்ஸிகுளோரோகுவினும் எளிய மருந்து. இரண்டும் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஆனால் இவற்றைத் தொடங்கவும் தொடரவும் தெரிந்த வாத நோய் நிபுணர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும்தான் இருக்கிறார்கள். வடைக்காசு மருந்துக்கு மாதம் ஒருநாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்க வேண்டும்; துணைக்கு வருகிறவரின் கூலி தனி. மூன்றாவது மாதம் பலர் மருந்தை நிறுத்திவிட்டு, 'ஒரு செட்' பக்கம் திரும்புவதில் வியப்பென்ன?

'சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர், இவர்கள் எத்தனை பேர்?' என்று நிதித்துறை கேட்கும். மகாராஷ்டிரத்தில் புணேக்கு அருகிலுள்ள பிக்வான் கிராமத்தில் 1996இல் வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கில், பெரியவர்களில் ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவர் முடக்குவாதக்காரர். அதே விகிதத்தை 2024 மக்களவைத் தேர்தலின்போது இங்கே இருந்த 6.2 கோடி வாக்காளர்களுக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று லட்சம் வருகிறது. சட்டமன்றத் தொகுதிக்கு ஆயிரத்து முன்னூறு பேர். எத்தனையோ தொகுதிகளின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் எண்ணிக்கை. இதில் பெரும்பாலோர் உழைக்கும் வயதுப் பெண்கள். தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் புற்று, சர்க்கரை, இதயம், பக்கவாதம், சிறுநீரகம் எல்லாம் இடம்பிடித்திருக்கின்றன; மூட்டைத் தின்னும் இந்த நோய்க்கு அங்கே இடமில்லை.

இன்னொரு மறுப்பை மருத்துவர்களே சொல்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. மற்ற மாத்திரைகளைப்போலத் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் வற்றி உயிர் போனவர்கள் உண்டு. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை வேண்டும். மதுவை விட வேண்டும். இவ்வளவு நுணுக்கமான மருந்தைக் கிராமத்தில் கொடுப்பதா என்கிறார்கள். நம் கேள்வி வேறு. அந்த நோயாளி கிராமத்தில்தான் இருக்கிறார். இப்போதும் அங்கேதான் சாப்பிடுகிறார், யாரும் பார்க்காமல். தொடங்கும் முடிவும் அளவும் நிபுணருடையதாக இருக்கட்டும். தொடர்வது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கட்டும். நான்கு வாரத்துக்கு நான்கு சிறு உறை, ஒவ்வொன்றின் மேலும் 'செவ்வாய் மட்டும்' என்று பெரிய எழுத்தில். மறுநாளுக்கான ஃபோலிக் அமில மாத்திரை வேறு நிறத்தில். காசநோய் மாத்திரையைக் கண்முன்னே விழுங்க வைத்த ஊழியர்களுக்கு இது புதிய வித்தை இல்லை.

தன்னார்வலருக்குத் தேவைப்படுவது பெரிய பயிற்சியும் இல்லை. காலையில் கை இளக அரை மணிக்கு மேல் ஆகிறதா? மூன்று மூட்டாவது வீங்கியிருக்கிறதா? கையைக் குலுக்குவதுபோல விரல்களின் அடிக்கணுக்களைச் சேர்த்து மெல்ல அழுத்தினால் வலிக்கிறதா? 'ஆம்' என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டியவர். உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் அடையாளங்கள்தான் இவை. கேட்டு முடிக்க இரண்டு நிமிடம் ஆகாது.

மருந்து வரத்தையும் காக்க வேண்டும். 2020 மார்ச், ஏப்ரலில் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் உதவும் என்ற பேச்சு கிளம்பியதும், மத்திய அரசு விற்பனைக்குக் கட்டுப்பாடு போடும் அளவுக்கு அதை வாங்கிக் குவித்தார்கள். பல ஆண்டுகளாக அதையே நம்பியிருந்த லூபஸ் பெண்கள் ஊரடங்கில் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். அந்த மருந்து கொரோனாவுக்குப் பயனில்லை என்று பிறகு தெரிந்தது. யாருக்கு எவ்வளவு மருந்து தேவை என்ற பதிவேடு அப்போது அரசின் கையில் இருந்திருந்தால், அவர்களுக்குரிய பங்கை ஒதுக்கி வைத்திருக்க முடியும்.

மெத்தோட்ரெக்ஸேட்டுக்குக் கட்டுப்படாதவர்களுக்கான உயிரியல் மருந்துகள் மாதம் பல ஆயிரங்களைத் தின்பவை. அவற்றைத் தொடங்கும்முன் உறங்கும் காசநோயைத் தேடிப் பார்க்க வேண்டிய நாடும் நம்முடையது. அதற்கான காப்பீட்டு ஏற்பாடு தனியாகப் பேச வேண்டிய விஷயம். முதல் மருந்து சரியான மாதத்தில் கிடைத்தால் அந்த நிலைக்குப் போகிறவர்கள் குறைவார்கள் என்பதையும் நிதித்துறை தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

வரும் மானியக் கோரிக்கையின்போது சுகாதாரத் துறை அமைச்சர் இந்த மூட்டு நோய்களை வீடுதேடிப் போகும் அந்தத் திட்டத்தில் சேர்ப்பதை ஒரே ஒரு மாவட்டத்துக்காவது அறிவிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியின் வாத நோய்ப் பிரிவிலிருந்து நிபுணர் மாதம் ஒருமுறை வட்ட மருத்துவமனைக்கு வரட்டும். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் மருந்தை விடாமல் தொடர்கிறார்கள், எத்தனை பேர் ஸ்டீராய்டிலிருந்து மெல்ல இறங்கியிருக்கிறார்கள் என்ற கணக்கைப் பேரவையில் வைக்கட்டும். மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்கள் அதே மாவட்டத்தில் அதே வாரம் சோதனையைத் தொடங்கட்டும். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'வலிக்கு ஒரு செட் குடுங்க.'