சட்டமும் சங்கமும்

1952-ல் தஞ்சை ஜில்லாவுக்குச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது யாரோ தந்த வரமல்ல. சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் செங்கொடியின் கீழ் திரண்ட ஏழை மக்கள், அடியும் சிறையும் தாங்கிப் பெற்ற உரிமை.

பண்ணையாளை நினைத்தபடி நீக்கக் கூடாது என்றது சட்டம். மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் என்ற பெயரையே ஒழித்துக்கட்டினார்கள். நேற்றைய பண்ணையாள் இன்று தினக்கூலி! வயல் அதே வயல், ஆள் அதே ஆள். சட்டத்தின் பாதுகாப்பு மட்டும் பறிபோயிற்று.

1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடியை விட மறுத்ததுமே அம்மக்கள் செய்த குற்றம். அதன் பிறகே, 1969-ல், நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. 1973-ல் மிராசுதார்களை ஹைகோர்ட் விடுதலை செய்தது.

மில் தொழிலாளத் தோழர்களே! உங்கள் கதை வேறா? நிரந்தரத் தொழிலாளிக்குச் சட்டம் உண்டு என்றால், முதலாளி அவனைக் காண்ட்ராக்ட் என்கிறான்; பயிற்சியாளன் என்கிறான். மெஷின் அதே மெஷின், வேலை அதே வேலை!

ஆகவே நாம் கூறுகிறோம்: சட்டத்தைத் தள்ளவும் வேண்டாம், அதை நம்பித் தூங்கவும் வேண்டாம். கூலிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்த நாட்களைக் குறித்து வையுங்கள். தனியாகப் போய் நிற்காமல் சங்கமாகப் போய்க் கேளுங்கள்.

ஏட்டில் கிடக்கும் சட்டத்தைக் களத்துமேட்டுக்கும் மில் வாசலுக்கும் கொண்டுவரும் சக்தி சங்கம் ஒன்றுக்கே உண்டு!