முடிவை மாற்றமாட்டேன்

'நம் ஜனங்களுக்குச் சோகம் ஒத்துவராது. கடைசியில் மங்களம் பாடியாக வேண்டும்' என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கதாநாயகி செத்துப்போனால் எனக்குக் கோபித்துக் கடிதம் எழுதுகிறவர்களும் அவர்களேதான்.

அவர்களை ஐயம்பேட்டைக்கு அழைத்துப் போக எனக்கு ஆசை. காஞ்சிபுரம் வட்டாரத்தில் கர்ண மோட்சக் கூத்து என்றால், பகலெல்லாம் தறியில் உட்கார்ந்த ஜனங்கள் விடிய விடியத் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கர்ணன் சாவான் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவன் பொன்னுருவியிடம் விடைபெறும்போது கூட்டம் விம்மும். கருமாதிக்குக்கூட இந்தக் கூத்தை வைப்பதுண்டு. துக்க வீட்டில் துக்கக் கதை எதற்கு?

இந்தக் கேள்வி சுமார் 2,400 வருஷப் பழசு. கவிஞர்கள் மனிதரை அழவைத்துக் கோழையாக்குகிறார்கள் என்று பிளேட்டோ தமது லட்சிய நகரத்திலிருந்தே அவர்களை விலக்கினார். சீடர் அரிஸ்டாட்டில் அதை ஏற்கவில்லை. இரக்கத்தையும் அச்சத்தையும் கிளப்பிவிட்டே அவற்றைக் கழுவித் தீர்ப்பது துன்ப நாடகம் என்றார். அதன் நாயகன் கொடியவனாக இருக்கலாகாது. குறையே இல்லாத உத்தமனாகவும் வேண்டாம். ஏதோ ஒரு பிழையால் விழவேண்டும் என்றார். செஞ்சோற்றுக் கடனுக்காக அதர்மத்தின் பக்கம் நின்று மாண்ட கர்ணன் இந்த இலக்கணத்துக்கு எங்கே குறைந்துபோனான்?

கூத்து முடிந்து விடிந்ததும் நெசவாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு தறிக்குப் போகிறார். அவர் கோழையாகிவிடவில்லை. சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு கதையின் முடிவை மாற்றச் சொல்லும் நமக்குத்தான் பயம். கடிதம் எழுதுங்கள், வாசிக்கிறேன். முடிவை மட்டும் மாற்றமாட்டேன்.