உங்கள் உழைப்பில் குறை இல்லை, கணக்கில்தான் குறை

"அண்ணா, நெட்வேர்க் மார்க்கெட்டிங்கில் வெல்ல என்ன செய்ய வேண்டும்?" இப்படிக் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு அந்தக் கூட்டங்களிலேயே பதில் தயாராக இருக்கிறது. நூறு பெயர்கள் எழுதுங்கள். எதிர்மறையாகப் பேசுபவர்களிடமிருந்து விலகுங்கள். ஐந்து வருடம் விடாமல் உழையுங்கள்.

என் பதில் வேறு. இந்த அறிவுரைகளில் ஒன்றுகூட உங்கள் வாய்ப்பைக் கூட்டாது. ஏன் என்பதை ஏழாம் வகுப்புக் கணக்கிலேயே காட்டலாம்.

ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கிறார்கள். 6, 36, 216, 1,296, 7,776. ஐந்தாவது படியில் மொத்தம் 9,331 பேர். டென்மார்க்கில் கைக்குழந்தைகளையும் சேர்த்தே தமிழர் பத்துப் பன்னிரண்டாயிரம் பேர்தான். ஆறாவது படிக்கு மட்டும் 46,656 பேர் வேண்டும். அது கிட்டத்தட்ட ஹேர்னிங் நகரம் முழுவதும்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அந்த 9,331 பேரில் 7,776 பேர் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. நூற்றுக்கு 83 பேர். சரி, எல்லோரும் இரண்டு மடங்கு உழைத்து ஆளுக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தால்? கடைசி வரிசையில் நூற்றுக்கு 92 பேர் நிற்பார்கள். எல்லோரும் எவ்வளவு நன்றாக உழைக்கிறார்களோ, அவ்வளவுக்குத் தோற்பவர் பங்கு கூடுகிறது. இதை எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சும் மாற்றாது.

காகிதக் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு நிறுவனங்களின் சொந்தக் கணக்கே இருக்கிறது. அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, இப்படிப்பட்ட 70 நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளைப் படித்து 2024 செப்டெம்பரில் ஓர் அறிக்கை தந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வருடத்துக்குக் கிடைத்தது 1,000 டொலர் அல்லது அதற்கும் குறைவு. மாதத்துக்கு 84 டொலர்கூட இல்லை. அதுவும் செலவைக் கழிக்கும் முன். நீங்கள் வாங்கி அடுக்கிய பெட்டிகள், கூட்டத்துக்கு ஓடிய பெற்றோல், மாநாட்டு ரிக்கெற் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், "பயனர்களுக்கு மனவுறுதி போதாது" என்று நாங்கள் அறிக்கை எழுதுவதில்லை. வடிவமைப்பைத் திருத்துகிறோம். இங்கே மட்டும் ஒவ்வொரு தோல்விக்கும் தோற்றவரே காரணம். இது தற்செயலாக நடப்பதல்ல. தன்னையே குறை சொல்லிக்கொள்பவர் காசைத் திருப்பிக் கேட்க மாட்டார், வெட்கத்தில் வெளியே பேசவும் மாட்டார்.

இனி அந்த நூறு பெயர்களுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் யார் இருப்பார்கள்? சித்தப்பா, மாமி, தமிழ்ப் பாடசாலை ரீச்சர், பிரண்டா கோயிலில் கண்ட அன்ரி. டென்மார்க்கின் நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம், ஒரு வியாபாரி கேளாமல் ஒருவர் வீட்டுக்குப் போய் விற்பதையும், கேளாமல் தொலைபேசியில் அழைத்து விற்பதையும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, தடை செய்கிறது. நாங்களோ "சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம்" என்று சொல்லிப் போய், தேத்தண்ணி குடித்து முடிந்ததும் மடிக்கணினியைத் திறக்கிறோம். சித்தப்பா வாங்குவது சவர்க்காரத்துக்காகவா? உங்கள் அப்பாவின் முகத்துக்காக. எண்பதுகளில் வந்து, மீன் தொழிற்சாலையில் நின்று, சீட்டுக் காசை ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டி அவர்கள் சேர்த்த நம்பிக்கை அது. யாரோ ஒருவருடைய கொமிஷனுக்காக நீங்கள் அதைச் செலவழிக்கிறீர்கள்.

"எந்தக் கொம்பனியும் பிரமிட்தானே, மேலே முதலாளி, கீழே தொழிலாளி" என்பார்கள். இல்லை. கீழே துப்புரவு செய்த உங்கள் அம்மாவுக்கு மாதக் கடைசியில் சம்பளம் வந்தது, விடுமுறைக் காசும் வந்தது. வேலை செய்வதற்காக அவர் யாருக்கும் பணம் கட்டவில்லை.

"இது சட்டப்படி சரி, பொருள் இருக்கிறதே" என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறை, முக்கியமாக ஆள் சேர்ப்பதிலிருந்தே வருமானம் வரும் திட்டங்களை முற்றாகத் தடை செய்கிறது. பொருள் ஒன்றைக் காட்டுவது அந்தக் கோட்டைத் தாண்டாமல் நிற்கத்தான். அமெரிக்காவில் ஹெர்பலைஃப் நிறுவனத்திடமும் பொருள் இருந்தது. விற்பனைக்கு அல்லாமல் ஆள் சேர்ப்புக்கே அது வெகுமதி தருகிறது என்று எஃப்டிசி குற்றம் சாட்டியது. 2016இல் நிறுவனம் 20 கோடி டொலர் கொடுத்து, தன் முறையையும் மாற்றச் சம்மதித்தது. இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைக் குற்றமாக்குகிறது. ஊரில் உள்ள உறவினரை இங்கிருந்தபடியே சேர்த்துவிடுபவர்கள் இதைக் கவனியுங்கள்.

"இவ்வளவு பேர் ஆதரிக்கிறார்களே" என்பார்கள். 2024 ஜனவரியில் கோயம்புத்தூரில் மைவி3 ஆட்ஸ் என்ற நிறுவனத்தின் மீது பொலிஸ் வழக்குப் பதிந்தது. உடனே நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள், நிறுவனத்துக்கு ஆதரவாக! காசு உள்ளே மாட்டியிருப்பவருக்கு, அந்தத் திட்டம் நாளைக்கும் ஓட வேண்டும். அவருடைய ஆதரவு நேர்மைக்குச் சான்று ஆகாது.

சேர முன், அழைத்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஆள் சேர்ப்பதை நாளைக்கே நிறுத்தினால் பொருளை மட்டும் விற்று உங்களுக்கு எவ்வளவு வரும்? உங்களை அறியாத டேனிஷ்காரர் எத்தனை பேர் இந்த விலைக்கு இதை வாங்குகிறார்கள்? போன வருட வரிக் கணக்கில் செலவு போக எவ்வளவு மிஞ்சியது? வாடகைக் காரின் படத்தைக் காட்டினால் எழும்பி வாருங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? இன்றே மாதாந்தக் கொள்வனவை எழுத்தில் நிறுத்துங்கள். கிடைத்த கொமிஷனை வரித் திணைக்களத்துக்கு நீங்களே அறிவியுங்கள். எஸ்யு எடுப்பவர்களுக்கு அதுவும் வருமானமாகவே எண்ணப்படும். பிறகு உங்களுக்குக் கீழே சேர்த்தவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் அடுத்த நூறு பெயர்களை எழுதத் தொடங்கும் முன் சொல்லுங்கள்.